மூன்று வரிசைக்காரர்

வண்டி வாங்குகிறவர்கள் ஒரு ரகம். வண்டி பார்க்கிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. போனார்கள், பணத்தைக் கட்டினார்கள், ஓட்டிக்கொண்டு வந்தார்கள், முதல் வாரமே எந்தச் சுவரிலோ உரசினார்கள், கதை முடிந்தது. நாம் பார்க்கப்போவது இரண்டாவது ரகத்தில் முற்றிப் பழுத்த ஒரு பிரிவு. இவர்கள் சாதாரண வண்டியை ஏறிட்டும் பார்ப்பதில்லை. மூன்று வரிசை சீட்டு இருக்க வேண்டும், ஏறுவதற்குப் படி இருக்க வேண்டும், நின்றால் பக்கத்துக் கார்க்காரருக்கு வெயில் படக்கூடாது, பின்னால் எதையாவது கட்டி இழுக்க ஒரு கொக்கி கட்டாயம் இருக்க வேண்டும். எதை இழுக்கப் போகிறார்கள்? அதையெல்லாம் கேட்கக்கூடாது. அவர்களுக்கே தெரியாத விஷயத்தைக் கேட்பது மரியாதை இல்லை.

மாதிரிக்கு ஒருவரைப் பார்ப்போம். பல் டாக்டர். தயங்குகிற மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதா காப்பாற்றுவதா என்று அரை நிமிடத்தில் முடிவு செய்கிற கை அது. நாற்காலியில் படுத்திருப்பவர் “யோசிச்சு...” என்று ஆரம்பிப்பதற்குள் பல் தட்டில் கிடக்கும். அப்பேர்ப்பட்டவர் ஒரு வண்டி விஷயத்தில் வருடக்கணக்காகப் புரண்டுகொண்டிருந்தார். தொழிலும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. நோயாளியின் வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு மெல்ல ஆரம்பிப்பார்.

“நடு வரிசையில மூணு பேர் உட்கார்ற நீள சீட்டா, இல்ல ரெண்டு தனித்தனி சீட்டா? நீங்க என்ன சொல்றீங்க?”

“ஆ... ஆ...”

“அதேதான் நானும் நினைச்சேன். ஆனா பாருங்க, தனி சீட்டுன்னா மொத்தம் ஆறு பேர்தான். நீள சீட்டுன்னா ஏழு. ஆனா நீள சீட்டைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போறதுக்குள்ள இடுப்பு போயிடும்.”

பல்வலியோடு வந்தவர்கள் தலைவலியோடு வீட்டுக்குப் போனார்கள்.

வீட்டில் ஏழு பேர் என்பது உண்மை. அவர், மனைவி, பள்ளிப் படிப்பை முடித்த மகள், ஒருவரையொருவர் கிள்ளாமல் ஐந்து நிமிடம் இருக்க முடியாத இரட்டைப் பையன்கள், அவருடைய அப்பா, மனைவியின் அம்மா. இருந்த காரோ குட்டிக் கார். நான்கு பேர் ஏறினால் ஐந்தாவது ஆளுக்கு யாராவது மடி கொடுக்க வேண்டும். அதுவரை வண்டி பார்ப்பது டாக்டருக்குப் பொழுதுபோக்காகத்தான் இருந்தது. மகளுக்கு வெகுதூரத்து ஊர் ஒன்றில் கட்டடக் கலை படிக்க இடம் கிடைத்த அன்று அது கடமையாகிவிட்டது. அவள் அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அப்பா, என்னைக் கொண்டுபோய் விடும்போது எல்லாரும் ஒரே வண்டியில வரணும். நீங்கதான் ஓட்டணும். என்னோட வரைபட மேஜையும் வரணும்.”

அந்த மேஜை ஒரு கட்டில் அகலம். எந்த வண்டிக்குள்ளும் போகாது, பின்னால் ஒரு இழுவை வண்டியில் ஏற்றித்தான் இழுக்க வேண்டும். ஆக, மூன்று வரிசைக்கும் ஒரு காரணம் கிடைத்தது, கொக்கிக்கும் ஒரு காரணம் கிடைத்தது. டாக்டருக்கு நெஞ்சு விம்மியது. மகள் தலையைத் தடவி, “அவ்வளவுதானேம்மா!” என்றார். கல்லூரி திறக்க இன்னும் நான்கு மாதம் இருந்தது.

இந்த ரகத்தாருக்கு ஷோரூம் என்பது மாமனார் வீடு மாதிரி. எப்போது வேண்டுமானாலும் போகலாம், உட்காரலாம், குறை சொல்லலாம். டாக்டர் நேரே கடைசி வரிசைக்குத்தான் போவார். போய், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்துகொண்டு, “ம்... பரவாயில்லை” என்பார். கோப்பை வைக்கிற பள்ளத்தில் விரலை விட்டு ஆழம் பார்ப்பார். அங்கேயே கண்ணை மூடி ஐந்து நிமிடம் இருப்பார். நீண்ட பயணத்தில் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டாமா? ஒருநாள் சீட்டை மடக்குகிற பிடி எதுவென்று தெரியாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டார். விற்பனைப் பெண் வந்து எட்டிப் பார்த்தாள்.

“சார், வெளியே வரணுமா, இல்ல இன்னும் பார்க்கணுமா?”

“இன்னும் கொஞ்சம் பார்க்கிறேனே” என்றார். மானம் பெரிதல்லவா?

அதற்குப் பிறகு கண்ணாடிக்கு வெளியே அவர் தலை தெரிந்தாலே அந்தப் பெண் சாப்பாட்டுக்குப் போய்விடுவாள், காலை பத்து மணியாக இருந்தாலும்.

ஷோரூமில் சரியாகக் கணிக்க முடியவில்லை என்று வண்டியை வீட்டுக்கே கொண்டுவந்தார். எப்படி? ஹாலில் இருந்த சோபாவை நகர்த்திவிட்டு, வண்டியின் நீள அகலத்துக்குத் தரையில் நாடா ஒட்டி, அதற்குள் சாப்பாட்டு மேஜை நாற்காலிகளை மூன்று வரிசையாகப் போட்டார். குடும்பம் மொத்தமும் ஏற வேண்டும். நாடாவைத் தாண்டி ஏறக்கூடாது. அங்கே சுவர். கதவு எங்கே என்று அவர் காட்டுவார், அதன் வழியாகத்தான் ஏற வேண்டும்.

யார் எங்கே உட்காருவது? இங்கேதான் வந்தது வினை. டாக்டரின் அப்பாவுக்கும் மாமியாருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எப்போதோ ஒரு கல்யாணத்தில் யாரை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள் என்பதில் ஆரம்பித்தது. இரண்டு பேரும் சுவரைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள்.

“எனக்கு முட்டி வலி. பின்னாடியெல்லாம் போக முடியாது” என்றார் அப்பா, சுவரிடம்.

“எனக்குப் பின்னாடி உட்கார்ந்தா குமட்டும். இருந்தாலும் பரவாயில்லை, பெண்ணைக் கொடுத்தவங்க பின்னாடிதானே உட்காரணும்” என்றார் மாமியார், அதே சுவரிடம்.

“பார்த்தீங்களா, தனி சீட்டுன்னா ரெண்டு பேருக்கும் நடுவுல வழி இருக்கும், சண்டை வராது” என்று டாக்டர் உற்சாகமானார். உடனே முகம் வாடிவிட்டது. “ஆனா அப்ப ஏழாவது ஆள் எங்கே உட்கார்றது?”

இழுவைத் திறன் வேறு இருக்கிறதே! வண்டி எவ்வளவு இழுக்கும் என்பது ஏறுகிறவர்களின் எடையையும் பொறுத்தது என்று எங்கோ படித்துவிட்டார். எடை பார்க்கும் கருவியை ஹாலில் வைத்து ஒவ்வொருவராக ஏறச் சொன்னார். மேஜையையும் தூக்கிக்கொண்டு தானே ஏறி நின்றார். முதுகு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் குனிந்தே பல் பார்த்தார். மாமியார் மட்டும் ஏற மறுத்துவிட்டார்.

“பரவாயில்லை அத்தை, நானே ஒரு குத்துமதிப்பா போட்டுக்கிட்டேன். பாதுகாப்புக்கு ஒரு பத்து கிலோ கூடவே சேர்த்திருக்கேன்.”

மாமியார் அன்று இரவு சாப்பிடவில்லை. அப்பா இரண்டு தட்டு சாப்பிட்டார்.

ஒரு மாதம் போயிற்று, இரண்டு போயிற்று. ஹாலில் வண்டி அப்படியே நின்றது. பையன்கள் மூன்றாவது வரிசையில் வீட்டுப்பாடம் எழுதினார்கள். வந்த விருந்தாளிகள் நாடாவைச் சுற்றிக்கொண்டு போனார்கள். டாக்டர் என்னவோ முடிவுக்கு நெருங்கிக்கொண்டேதான் இருந்தார். ஆனால் நெருங்குகிற நேரம் பார்த்து ஒரு புது மாடல் வரும். அல்லது அதே மாடல் வேறு நிறத்தில் வரும். அல்லது, இழுக்கத்தான் போகிறோம், நாளைக்கே ஒரு படகு வாங்கினால் அதையும் இழுக்க வேண்டாமா என்று ஒரு யோசனை வரும்.

“படகா? உங்களுக்கு நீச்சலே தெரியாதே” என்றார் மனைவி.

“படகு வாங்கினாத்தானே கத்துக்க முடியும்?”

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கு வேலை நேரம் பிரித்துக் கொடுக்கிறவர். முணுமுணுக்கிற நூறு பேரை ஒரு மணி நேரத்தில் இடம் பார்த்து நிறுத்துகிறவர். அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் நேராகவே கேட்டார்.

“என்னங்க, கல்லூரி திறக்க ஒரு வாரம்தான் இருக்கு. வண்டி வருமா, வராதா?”

“அவசரப்பட்டு எடுத்துட்டா அப்புறம் காலத்துக்கும் வருத்தப்படணும்.”

மகள் அறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வெளியே வந்து, “பரவாயில்லைப்பா, நான் பஸ்ல போயிக்கிறேன்” என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

மனைவி போனை எடுத்தார். டாக்டர் பல் துலக்கிவிட்டு வருவதற்குள் ஒரு வாடகை வேன் பேசி முடித்தாகிவிட்டது.

புறப்படுகிற அன்று காலை மனைவி வாசலில் நின்று விரலை நீட்டினார். “நீ இங்கே, நீங்க அங்கே, அம்மா ஜன்னல் பக்கம், மாமா இந்த ஜன்னல் பக்கம்.” ஒரு நிமிடம் ஆகவில்லை, எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். மேஜை கூரைமேல் ஏறிக் கயிற்றில் கட்டுண்டது. மகளுக்கு முன்சீட்டு, டிரைவர் பக்கத்தில். டாக்டருக்குக் கிடைத்தது கடைசி வரிசை, இரட்டையருக்கு நடுவில். இரண்டு பேரும் இவரைத் தாண்டிக் கிள்ளிக்கொண்டார்கள். முன்னால் அந்த டிரைவரின் கைகள் ஸ்டியரிங்கைத் திருப்புவதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. மகள் அவரை உட்காரச் சொன்னது அந்த இடத்தில்தானே? பாவம், தாங்க முடியாமல் எட்டி, டிரைவரிடம், “இது எவ்வளவு இழுக்கும்?” என்றார்.

“தெரியலையே சார். இதுவரைக்கும் எதையும் இழுத்ததில்லை.”

மேஜையை விடுதி அறையில் இறக்கிவைத்தார்கள். மகள் எல்லாரையும் கட்டிக்கொண்டாள், கடைசியாக அப்பாவை. “அடுத்த தடவை நீங்க ஓட்டிட்டு வாங்கப்பா” என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

திரும்பி வரும்போது அந்த முன்சீட்டில் போய் உட்கார யாருக்கும் மனம் வரவில்லை. மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். இரட்டையர்கூடக் கிள்ளிக்கொள்ளவில்லை. “தண்ணி வேணுமா?” என்று டாக்டரின் அப்பா சுவர் இல்லாததால் சம்பந்தியம்மாளிடமே நேராகக் கேட்டார். டாக்டர் காலியான சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கித்தான் இருந்தது, அதில் சந்தேகமே வேண்டாம். திடீரென்று முகம் தெளிந்தது. மனைவியின் தோளைப் பின்னாலிருந்து தொட்டார். நம்மைத் தேற்றத்தான் ஏதோ சொல்லப் போகிறார் என்று அந்த அம்மாள் திரும்பினார்.

“இனிமே நாம ஆறு பேர்தானே? நடுவுல ரெண்டு தனி சீட்டே போதும். முடிவு பண்ணிட்டேன்.”

 டிரைவர் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். டாக்டருக்குத் தான் சொன்னது, சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. வீடு வரும்வரை அவர் தலையைத் தூக்கவில்லை. வந்ததும் முதல் வேலையாக ஹாலில் முட்டி போட்டு உட்கார்ந்து தரையில் ஒட்டியிருந்த நாடாவை நகத்தால் உரித்தார்.

மறுநாள் ஷோரூமுக்குப் போனார். ஆறு சீட்டு வண்டியை எடுத்தாரா? கையெழுத்துப் போடப் பேனாவைக்கூடத் திறந்துவிட்டார். “லீவுக்கு என் பொண்ணு வருவாளே, அப்ப ஏழு ஆயிடுமே?” என்று விற்பனைப் பெண்ணைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடிக்கொண்டு வந்தவர்தான்.

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். உங்களுக்கு வண்டி வாங்கும் எண்ணமே இல்லை, நல்லது. ஆனால் வேறு ஏதோ ஒன்றை, வீடோ விடுமுறையோ, போன வருடத்திலிருந்து “இன்னும் கொஞ்சம் பார்த்துட்டு” என்று தள்ளிவைத்திருக்கிறீர்கள் அல்லவா? பாருங்கள், யார் வேண்டாம் என்றது? அதற்கு முன்னால் ஒருமுறை பக்கத்து அறையை எட்டிப் பாருங்கள். அங்கே யாராவது பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கப் போகிறார்கள்.