குடத்தை நாடு கடத்தியது பற்றி

உப்பல், ஹைதராபாத்
மே 2008

சௌபாக்கியவதி ப்ரியம்வதாவுக்கு அப்பா பக்தவத்சலம் ஆசீர்வதித்து எழுதுவது. ஜெர்மனியில் நீயும் உன் கம்ப்யூட்டரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியமே. அம்மாவின் ஞாபகம் மட்டும் முன்பைப் போலவே வருவதும் போவதுமாக இருக்கிறது.

போன வாரம் போனில் உன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாயே, அல்சைமர் வந்தவர்களின் மூளையில் படிகிற புரதத்தில் செம்பு போய் ஒட்டிக்கொள்கிறது, அது ஆக்சிஜனோடு சேர்ந்து மூளைச் செல்களை அரிக்கிற சரக்கை உண்டாக்குகிறது, அதைத்தான் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறேன் என்று. "இது வெறும் கணக்குப்பா, வீட்டுப் பாத்திரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றும் சொன்னாய். ராணுவ ஆராய்ச்சிக்கூடத்தில் ஸ்டோர்ஸ் ஆபீசராக இருந்தவன் நான். ஆபத்தான சரக்கு என்று காதில் விழுந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? அன்றைக்கே பஞ்சபாத்திரம், அடியில் செம்பு பூசிய வாணலி, அம்மா தண்ணீர் பிடித்து வைக்கும் செம்புக் குடம் எல்லாவற்றையும் மாடி வீட்டு ஸ்டெல்லாவிடம் கொண்டுபோய்ப் போட்டேன். எள்ளிலும் செம்பு உண்டு என்று யாரோ சொன்னதால் எள்ளுப்பொடியும் போயிற்று. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேட்டதில், சுவருக்குள் ஓடுவது பூராவும் செம்புக் கம்பி என்றான். சுவரை யாரும் நக்கப் போவதில்லை என்று அதை மட்டும் மன்னித்துவிட்டேன்.

காலையில் எழுந்ததும் புளி போட்டுக் குடம் தேய்ப்பதுதான் அம்மாவுக்கு இன்னும் மறக்காத வேலை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் கையில் புளியோடு பீரோ, கட்டிலடி, ஃப்ரிட்ஜ் எல்லாம் தேடிவிட்டு, நான் தடுப்பதற்குள் மாடியேறி ஸ்டெல்லா வீட்டு மணியை அடித்துவிட்டாள். அந்தப் பெண் மாதாப்பூர் ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் கதவைத் திறக்க, உள்ளே நம் குடம். "ஏம்மா, படிச்ச பொண்ணு மாதிரி இருக்கே, அடுத்த வீட்டுக் குடத்தை எடுக்கலாமா?" என்று அம்மா கேட்க, "அங்கிள்தான் ஆன்ட்டி வெச்சிட்டுப் போனாங்க" என்று அவள், அம்மாவுக்குப் பின்னால் நின்ற என்னைக் காட்டினாள். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இவரா? இவர் மேல எனக்கு முதல்லேர்ந்தே சந்தேகம்" என்றாள்.

குடம் வீடு திரும்பிவிட்டது. அம்மா தேய்க்கிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். காபியில் சர்க்கரை போதாது என்றால் ஒரு முறை முறைப்பாளே, அந்த முறைப்புக்கு ஏங்குகிறேன் ப்ரியா. அதற்காக நீ லீவு கேட்டு அலையாதே. கணக்கை முடி. நாங்கள் சமாளித்துக்கொள்வோம், இப்போது வரவே வேண்டாம்.

வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் இரு. அம்மாவின் ஆசீர்வாதத்தையும் நானே சேர்த்து எழுதுகிறேன்.

அன்புள்ள,
அப்பா

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது அம்மா குடம் நிறையத் தண்ணீர் பிடித்து வாசலில் கொண்டுவந்து வைத்தாள். "எங்க ப்ரியா வெயில்ல வருவா, தாகமா வருவா. நீங்க யாருன்னு தெரியல, பரவாயில்ல, ஒரு டம்ளர் குடிச்சிட்டுப் போங்க" என்றாள். குடித்தேன். மேலே, "வரவே வேண்டாம்" என்று எழுதியதை அடித்துவிடு. உன் பேர் அவளிடம் இன்னும் இருக்கிறது. அது இருக்கும்போதே வந்துவிடு.