சானடோரியத்தில் இறங்கிய கணக்கு

"முப்பதுலேர்ந்து அறுபதா?" டாக்டர் காந்தா கண்ணாடியைக் கழற்றினார். "ஷ்யாம் நாப்பதுலேர்ந்து அம்பதுன்னு முடிச்சிட்டார். அவர் கணக்கு தாம்பரத்துல ஏறி அடுத்த ஸ்டேஷன் சானடோரியத்துல இறங்குது. உங்களது செங்கல்பட்டு வரைக்கும் போகுதே, பூவராகன்!"

பூவராகனுக்கு வயிறு எரிந்தது. மூட்டு அறுவைக்குப் பிறகு படுக்கை, வாக்கர், கைத்தடி, நடை, மாடிப்படி என்று ஐந்து நிலைகள். புதுப் பயிற்சியால் நூற்றுக்கு எத்தனை பேர் ஒரு நிலையாவது முன்னேறுவார்கள்? இருவரும் தனித்தனியே கணக்கிட வேண்டும். யார் கணக்கில் இடைவெளி, அதாவது சந்தேகம், குறைவோ அவருக்கு டெல்லி மாநாட்டு மேடை.

பதினாறு வருஷம் உழைத்தவர் இங்கே இருக்க, ஆறு மாதம் முன்பு வந்த ஷ்யாம்சுந்தருக்கு மேடையா? "டேட்டா எல்லாம் கோகிலாகிட்ட வாங்கிக்கோப்பா" என்று முதல் நாள் அவனிடம் தேனொழுகப் பேசி அனுப்பியதே பூவராகன்தான்!

ஐந்து நிலைகளை 'நடக்கிறார், நடக்கவில்லை' என்று இரண்டாகச் சுருக்கினார். இருபத்தைந்திலிருந்து அறுபத்தைந்து என்று வந்தது. ஒத்துவராத பதினோரு நோயாளிகளைக் கணக்கிலிருந்தே தூக்கினார். இருபதிலிருந்து எழுபது! ஆள் குறைந்தால் சந்தேகம் கூடும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர். பொறாமையில் அதுவும் மறந்துபோயிற்று.

"திண்டிவனமே வந்துடுச்சு போலிருக்கே," என்றார் டாக்டர்.

"டென்ஷன் ஆகாதீங்க சார். வாங்க, டீ சாப்பிடலாம்," என்றான் ஷ்யாம். அந்த அன்புதான் இன்னும் எரிந்தது.

மதியம் அவன் சாப்பிடப் போனதும் அவன் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார். நானூறு பேர்! இவரிடம் நாற்பதுதான். உற்றுப் பார்த்தால், 'படப்பை, எழுபத்தொரு வயது, இடது முட்டி' என்று பத்து இடத்தில். அட, நம்ம ஞானையா! வாராவாரம் வந்த மனுஷனைப் பத்து ஆளாக எண்ணியிருக்கிறான்! அதனால்தான் அவன் கணக்கில் சந்தேகம் சுருங்கியிருக்கிறது! திருநீர்மலைப் பெருமாளே, கண்ணைத் திறந்துட்டியே!

ஷ்யாமையும் டேட்டா பதியும் கோகிலவாணியையும் இழுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குள் நுழைந்தார்.

"மேடம், ஒரே ஆளு பத்து தடவை! டேட்டாவைச் சரிபார்க்கத் தெரியாத இவனுக்கு டெல்லியா?"

ஷ்யாம் வெளுத்துப்போனான். "ஒரு வரிக்கு ஒரு ஆளுன்னு நெனச்சேன் மேடம். எனக்கு வந்ததே இந்த ஃபைல்தான்."

"சரிபார்த்த ஃபைல் இருக்கும்போது இதை ஏம்மா அவருக்குக் குடுத்தே?" என்றார் டாக்டர்.

கோகிலவாணி பூவராகனைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தாள். "இன்னா சார், மறந்துட்டீங்களா? 'நல்லது எனக்கு இருக்கட்டும், அவனுக்கு இதைக் குடு, ஒரு மாசம் மண்டைய ஒடச்சிக்கினு கெடக்கட்டும்'னு நீங்கதானே சொன்னீங்க?"