ஏற்கெனவே வாக்களித்துவிட்டீர்கள்

முதல் தடவை அழுத்தும்போதே வீட்டுக் கணினி, 'நீங்கள் ஏற்கெனவே வாக்களித்துவிட்டீர்கள்' என்றது. சுவரொட்டி வடிவமைப்பாளருக்குச் சுருக்கென்றது. அவர் இன்னும் யாருக்கும் ஓட்டே போடவில்லை.

நகரின் சிறந்த பஸ் ஓட்டுநர் யார் என்று இணையத்தில் போட்டி. கடைசிச் சுற்றில் இருந்த இரண்டு பெண்களில் ஒருவர் அவர் மனைவி. பத்தொன்பது வருஷ ஓட்டத்தில் பஸ்ஸில் ஒரு கீறல் கிடையாது. தான் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு டீ கொண்டுவருபவரிடம்கூட இதைச் சொல்லிவிட்டுத்தான் டம்ளரை வாங்குவார். அப்பேர்ப்பட்ட புருஷனின் ஓட்டே விழாவிட்டால் எப்படி?

உலாவியின் பழைய பதிவுகளை அழித்துப் பார்த்தார். அதே பதில். ரகசிய ஜன்னலைத் திறந்தார். அதே பதில். கடிகாரத்தை வேறொரு நாட்டு நேரத்துக்கு மாற்றினார், திரையை நெட்டுக்குத்தாக நிறுத்தினார். நாற்பத்தோரு தடவை முட்டியும் ஒன்றும் நகரவில்லை. அடுத்த தடவை வாசகம் மாறியது: 'முறைகேடு சந்தேகம். போட்டியாளரின் பெயர் பரிசீலனையில்.'

கணினியைப் பட்டென்று அணைத்தார். மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் காலையில் நேரே போட்டி அலுவலகத்துக்குப் போய், கணினிப் பிரிவில் இருந்த பெண்ணிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

"தப்பு என்னோடது மேடம். அவளுக்கு எதுவுமே தெரியாது."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "உங்க கம்ப்யூட்டர்ல முன்னூறு ஃபான்ட் இருக்கு சார். அதோட வெளிநாட்டு நேரம், நிமித்தி வச்ச திரை. இதெல்லாம் சேர்ந்தா கைரேகை மாதிரி. நீங்க ஒளிய ஒளிய இன்னும் பளிச்சுன்னு தெரிஞ்சீங்க."

அந்த முயற்சிகள் எதுவும் கணக்கில் சேரவில்லை என்றார். பரிசீலனையும் முடிந்துவிட்டதாம். நேற்றோடு முடிந்த போட்டியில் ஜெயித்தது அவர் மனைவிதான், பதினோரு ஓட்டு அதிகம்.

அவருக்குக் கண் கலங்கியது. புருஷன் தயவு துளிகூட இல்லாமல் ஜெயித்திருக்கிறாள். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஏதோ தானே பஸ் ஓட்டி ஜெயித்த மாதிரி எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"இருந்தாலும், என் முதல் ஓட்டை ஏன் மேடம் சேத்துக்கல?"

அந்தப் பெண் திரையைப் பார்த்தார். "அதுக்கு முந்தின நாளே உங்க கம்ப்யூட்டர்ல இருந்து எதிர்ல நின்ன அம்மாவுக்கு ஒரு ஓட்டு விழுந்திருக்கே சார், காரணம் கேட்ட இடத்துல 'என்னைவிடப் பதமா பிரேக் பிடிப்பாங்க'ன்னு எழுதியிருக்கு."