அடியில தண்ணி இருக்கா?

ரிப்பேர் பார்க்கத் தெரியாதவனால் ஒரு வீட்டுக்கும் கெடுதல் வராது. பேசாமல் பொருளைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விடுவான். அரைகுறையாகத் தெரிந்தவன்தான் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவான். நான் எலக்ட்ரிகல் டிப்ளமோ. (இரண்டு பேப்பர் அரியர். அது வேறு கதை.)

கல்யாணமான ஆறாவது மாதம், சங்கரன்கோவிலில் நானும் கோமதியும் தனிக்குடித்தனம் போக ஒரு மாடி வீடு அமைந்தது. நாங்கள் பார்த்த பதினோராவது வீடு. அடுப்படிக் குழாயிலேயே நல்ல தண்ணீர். கோமதி ஒரு கை பிடித்துக் குடித்துப் பார்த்துவிட்டு, "இந்த வீடுதான்" என்று சொல்லிவிட்டாள். சிவகிரியிலிருந்து வந்த என் மாமியார் குழாய்ப் பக்கமே போகவில்லை. வாசலில் நின்று திசை பார்த்தார்.

"தெக்கு வாசலால்லா இருக்கு? ம்... பால் பொங்குறதப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

பால் ஒழுங்காகப் பொங்கினால் இந்த வீடு. இல்லையென்றால் பன்னிரண்டாவது வீடு தேட வேண்டும். அத்தை பேச்சுக்கு எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது.

பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று, கேஸ் இணைப்பு மட்டும் வரவில்லை. கீழே குடியிருந்த வீட்டுக்கார அண்ணாச்சி, "எங்க அடுப்ப எடுத்துட்டுப் போங்க தம்பி" என்றார். நான் சரி என்று வாங்கியிருக்கலாம்.

"புது வீட்ல இரவல் அடுப்பா, அண்ணாச்சி? எங்கிட்ட கெட்டில் இருக்கு. சுவிட்சப் போட்டா மூணு நிமிசம்!"

"கெட்டில்ல எப்படிப் பொங்கும்? கொதிச்ச ஒடனே டக்குன்னு ஆஃப் ஆயிருமே" என்றாள் கோமதி.

"மூடியத் திறந்து வச்சா ஆவாதுட்டி. ஆவி போயி பட்டாத்தான் அது ஆஃப் ஆவும். டிப்ளமோகாரன்ட்டயே சொல்லுதியா?"

சொன்னது சரிதான். நான் சொன்னவற்றில் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

அந்தக் கெட்டில், கல்யாணத்துக்கு முன் நான் ரூமில் தங்கியிருந்த காலத்துச் சொத்து. அந்த ரூமின் போர் தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சி, உள்ளே உப்பு படிந்து, சுண்ணாம்பு அடித்த சுவர்போல இருந்தது. (அதில் நான் முட்டை அவித்த விஷயம் இந்தக் கட்டுரை மூலமாகத்தான் அத்தைக்குத் தெரியவரும்.) போனில் ஒரு வீடியோ பார்த்தேன். எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் விட்டுக் கொதிக்கவைத்து, ஒரு ராத்திரி ஊறவிட்டால் உப்பெல்லாம் விட்டுவிடுமாம். பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் சாமான்களைப் புது வீட்டில் இறக்கிய கையோடு, யாருக்கும் தெரியாமல் காரியத்தை முடித்தேன். எலுமிச்சை? அத்தை வாசலில் கட்ட வாங்கி வைத்திருந்த ஆறு புளியங்குடிப் பழங்களில் நாலு. 'காலையில் கெட்டிலைக் கழுவு' என்று போனில் அலாரமும் வைத்தேன். நல்ல காரியத்தின்போது போன் அடிக்கக் கூடாதே என்று விடிந்ததும் நானே அதை சுவிட்ச் ஆஃப் செய்தேன்.

காலையில் அத்தை கேட்டார்: "ஏட்டி கோமதி, எலுமிச்சம்பழம் ஆறு வச்சிருந்தேன். ரெண்டுதான் கெடக்கு?"

"எனக்கென்னம்மா தெரியும்?"

நான் ஊதுபத்தி கொளுத்துவதில் மும்முரமானேன். அரை டஜன் பத்தி. அந்தப் புகையில் வேறெந்த வாசனையும் எடுபடவில்லை.

"மாப்ள, அடியில கொஞ்சம் தண்ணி இருக்கா? வெறும் பால ஊத்துனா அடிப்பிடிச்சிரும்."

மூடியைத் திறந்தேன். அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் கிடந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

"இருக்கு அத்தை! ஒங்க மக முன்கூட்டியே ஊத்தி வச்சிட்டா. ஒங்க வளர்ப்புல்லா!"

கோமதி புருவத்தைத் தூக்கினாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பாலை ஊற்றி, சுவிட்சையும் தட்டிவிட்டேன். எல்லோரும் கெட்டிலைச் சுற்றி நின்றோம். அத்தை குலவையிட ஆரம்பித்தார்.

குலவை பாதியில் நின்றது.

பால் பொங்கவில்லை, பிரிந்தது. மேலே வெள்ளைக் கட்டிகள், கீழே பச்சைத் தண்ணீர். நடுவில் ஓர் எலுமிச்சை விதை தேர் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது. அதைக் கண்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"இன்னிக்குக் கறந்த பாலுல்லா!" என்று பால் வாங்கிக்கொண்டு மேலே வந்திருந்த அண்ணாச்சி முகம் வெளுத்தார்.

"ஏட்டி, சாமானக் கட்டு" என்றார் அத்தை. "தெக்கு வாசல்னு நான் அன்னைக்கே சொன்னேன்."

கோமதி பாலைப் பார்க்கவில்லை. குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. விதையை வேறு யாரும் கவனிக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் டிப்ளமோவின் மானம் பிழைக்கும், வீடு போகும்.

"அத்தை, வீட்ல ஒண்ணுமில்ல. அந்த நாலு எலுமிச்சம்பழம்... இதுக்குள்ளதான் இருக்கு" என்று முழுக்கதையையும் சொன்னேன்.

அத்தை குனிந்து விதையைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்ப குத்தம் வீட்டு மேல இல்ல."

"இல்ல அத்தை."

"மாப்ள மேலதான்."

"ஆமா அத்தை."

"நல்லவேள! வீடுன்னா மாத்தணும். மாப்ளன்னா என்ன செய்ய, வச்சுக்கிட வேண்டியதுதான்."

அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரே இரவல் அடுப்பைச் சுமந்து வந்தார். புதுப்பால் அடுப்பே அணைந்துபோகும்படி பொங்கி வழிந்தது. இந்த முறை குலவை தெருமுனை வரை கேட்டது. திரிந்த பாலை அத்தை வடிகட்டி, சர்க்கரை போட்டுக் கிளறி, முதல் உருண்டையை எனக்கே கொடுத்தார். லேசாகப் புளித்தது. நன்றாக இருக்கிறது என்றேன்.

இன்றைக்கும் அதே வீடுதான், அதே குழாய்தான். நல்ல தண்ணீர் என்பதால் கெட்டிலில் அப்புறம் உப்பே படியவில்லை. போன மாதம் வாஷிங் மெஷின் மக்கர் செய்தது. "நானே பாத்துருவேன்" என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். கோமதி சிவகிரிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கி, என் பக்கம் நீட்டினாள்.

"என்ன மாப்ள," என்றார் அத்தை, "அடியில தண்ணி இருக்கா?"

மெக்கானிக் மறுநாள் வந்தார்.