கார் கதவுக்குத் தேங்காயெண்ணெய்

பிள்ளைப்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

அன்புத் தங்கச்சி சரோஜாவுக்கு அக்கா சந்திரம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் கைகால் சுகமாக இருக்கிறோம். ஆற்காட்டில் நீயும் உன் முட்டிவலியும் எப்படி என்று எழுதவும்.

முதலில் பிள்ளைகள் சேதி. பேத்தி எழிலரசி டிப்ளமா முடித்து, ஒரகடத்தில் காரின் உள்பக்கப் பிளாஸ்டிக்குக்குப் பெயின்ட் அடிக்கிற கம்பெனியில் சேர்ந்தாளே, இப்போது லைன் லீடர். அவள் கையைக் காட்டினால் லைனே நிற்கிறதாம். சின்னவள் காவேரி ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்து ஒரு டிபன் கேரியர் வாங்கிவந்தாள். என் மாத்திரையெல்லாம் அதில்தான் இருக்கிறது. பேரன் சக்திகுமார், இருங்காட்டுக்கோட்டையில் காண்டிராக்ட் முடிந்ததும் கொடுத்த பணத்தில் ஒரு பழைய கார் வாங்கினான். நம் வம்சத்தில் நாலு சக்கரத்துக்குச் சொந்தக்காரன் அவன்தான். நம் அப்பா வைத்திருந்த வண்டிக்கு இரண்டுதானே.

இந்தக் கடிதமே சக்திக்காகத்தான். மாசக் கடைசியில் அவன் வேலைக்குப் புனே போகிறான். அங்கே இருக்கிற உன் பேரன் வசந்தகுமார் தன் ரூமில் அவனுக்கு ஒரு பாய் விரிக்க இடம் தர வேண்டும். எனக்கு அனுப்ப மனசே இல்லை. ஆனால் எப்படி ஆகிவிட்டது என்று கேள்.

காரை ஒரு கம்பெனியில் வாடகைக்கு விட்டு, ஷிப்ட் முடிந்து போகிற பெண்களை வீட்டில் கொண்டுபோய் விடலாம் என்று ஒரு வழி கிடைத்தது. மெர்சி என்கிற அம்மாதான் அங்கே வண்டிகளைப் பார்த்துச் சேர்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன், உள்ளே சுத்தமாக இருந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அது கிடைத்தால் சக்தி வீட்டோடு இருப்பான், கிடைக்காவிட்டால் புனே. காருக்கு உள்ளேயோ வெயிலில் வெளுத்து, கதவுப் பலகையெல்லாம் திரிந்த பால் மாதிரி இருந்தது. எழில், "நான் எதுக்கு கீறன்?" என்று சனிக்கிழமை லீவு போட்டாள். ஸ்குரூவைக் கழற்றி, எல்லாத்தையும் சோப்புப் போட்டுக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, மாட்டுக்கொட்டகையில் என் கொசுவலையைக் கட்டி, புழுதி எழாமல் தரையில் தண்ணீர் தெளித்து, ஒவ்வொன்றாகக் கம்பியில் தொங்கவிட்டாள். வலை காற்றில் ஒதுங்காமல் பிடித்துக்கொள்ள நான். மூக்குக்கும் வாய்க்கும் அவளே ஒரு மாஸ்க் கட்டிவிட்டாள்.

சரோஜா, அதை எப்படிச் சொல்வேன். பெயின்ட் ஸ்பிரே டப்பாவை அழுத்தினாள், சாம்பல் நிறத்தில் பனி இறங்கியது. கொட்டகை தெரியவில்லை, மாடு தெரியவில்லை, ஒரகடம் ரோட்டு லாரிச் சத்தம் எங்கேயோ கடலுக்கு அந்தாண்டை போய்விட்டது. உன் மாமா செத்து இத்தனை வருஷம் ஆகி, அந்தப் பனிக்குள்ளிருந்து தலையைச் சீவிக்கொண்டே வந்து, "இன்னா சந்திரா, மழை வருமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் வலை என் கையை விட்டுப் போய், நம் வெள்ளைக்கோழி உள்ளே நுழைந்து, பாதி சாம்பலாக வெளியே போனது. சேவல் அதற்கப்புறம் அதைக் கிட்டச் சேர்க்கவில்லை. அது கிடக்கட்டும். ஈரப் பெயின்டில், ஏரியில் தூறல் விழுகிற மாதிரி வட்டம் வட்டமாகத் திறந்துகொண்டே வந்தது. எனக்கு அழகாகத்தான் இருந்தது.

"எழிலு, பூ பூக்குது பாரு" என்றேன்.

அவள் முகம் கறுத்துவிட்டது. "ஆயா, இதும்மேல இன்னா தடவின?"

"ஒண்ணியும் தடவல. வெளுத்துப் போச்சேன்னு வெள்ளிக்கு வெள்ளி கொஞ்சம் தேங்காயெண்ணெ வெச்சேன்."

"காருக்கா?"

"உனக்குந்தான் வெச்சேன். உனக்கு முடி வளரல?"

சக்தி, "சீயக்காய மறந்துட்டியே ஆயா" என்றான்.

"தலைக்கு எண்ணெ வெச்சிகினு வந்தாவே எங்க பெயின்ட் ஷாப் உள்ள வுடமாட்டாங்க" என்றாள் எழில். "ஒரு சொட்டு பட்டாலும் பெயின்ட் ஒட்டாது. குழி குழியா வுழும்."

"அதான் உங்க கம்பெனி பொண்ணுங்க எல்லாம் பரட்டத் தலையா பஸ்ஸுல வருதுங்களா" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

ஒவ்வொன்றாக மறுபடி தேய்த்து, தின்னர் போட்டுத் துடைத்து, மறுபடி அடித்தாள். இந்தத் தடவை கண்ணாடி மாதிரி வந்தது. ஆனால் டிரைவர் பக்கத்துக் கதவுக்கு வருவதற்குள் டப்பா தீர்ந்துவிட்டது. கடையில் அந்தக் கலர் இல்லை. அந்தக் கதவில் மட்டும் குழி அப்படியே நின்றது. எல்லாத்தையும் இன்றைக்குக் காலையில்தான் சக்தி காரில் மாட்டினான். ஏறி உட்கார்ந்தால் மேகத்துக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

மெர்சி அம்மா வந்தார். ஏறினார், கதவைச் சாத்தினார், குழி விழுந்த கதவை விரலால் தொட்டார், கண்ணை மூடினார். ரொம்ப நேரம் மூடியே இருந்தார். ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்து நானும் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். அப்புறம் இறங்கி, ஒரு வார்த்தை பேசாமல், ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எழில் இன்னும் சாப்பிடவில்லை. "வுடு, நான் போறேன்" என்று சக்தி பெட்டியைத் தூசி தட்டுகிறான்.

ஆகவே வசந்தகுமாரிடம் சொல்லிவை. புனே ஸ்டேஷனில் அடையாளம் தெரிய அவன் புது போட்டோ ஒன்று தபாலில் அனுப்பு. இருக்கிற போட்டோவில் அவனுக்கு மீசையே முளைக்கவில்லை. பெரியவர்களுக்கு என் கும்பிடு, குழந்தைகளுக்கு ஆயிரம் முத்தம்.

உன் அக்கா,
சந்திரம்மாள்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் போன் வந்துவிட்டது. மெர்சி அம்மாவுக்குப் பெயின்ட் வாசனையில் தலை சுற்றி, வாயைத் திறந்தால் வாந்தி வரும் என்றுதான் பேசாமல் போனாராம். வண்டியை எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாரம் கண்ணாடியை இறக்கிவிட்டு வெயிலில் போடச் சொன்னார். டிரைவர் கதவில் புள்ளி டிசைன் ரொம்ப நல்லாயிருக்கு, மற்ற மூன்று கதவிலும் ஏன் போடவில்லை என்று வேறு கேட்டாராம். எழில் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள், அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். சக்தி எங்கேயும் வரவில்லை. வசந்தகுமார் நிம்மதியாகக் காலை நீட்டிப் படுக்கட்டும். போட்டோவை மட்டும் அனுப்பு. அவன் லீவுக்கு வரும்போது நீயும் பக்கத்தில் நின்று எடுத்துக்கொள். போனில் வேண்டாம்; நான் பார்ப்பதற்குள் அணைந்துவிடுகிறது. தபாலிலேயே போடு.