அப்பாவுக்கு அடித்த மணி

பெற்ற தகப்பனுக்குச் சபை நடுவே மணி அடித்து உட்காரவைத்த மகள் ஒருத்தி இருக்கிறாள். அது நான்தான்.

சுனாமிக்கு அடுத்த வருடம். கம்பஸில் நான் இரண்டாம் வருடம். உலகத்தைத் திருத்தும் பொறுப்பு முழுக்க என் தலையில் (யாரும் தரவில்லை, நானாக எடுத்துக்கொண்டது). கடற்கரையோரம் திரும்ப வீடு கட்டக் கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. ஊரெல்லாம் அதே பேச்சு, ஆனால் முணுமுணுப்பாக. போர் ஓய்ந்திருந்தாலும், அந்த நாட்களில் வாய் திறக்குமுன் யார் காதில் விழும் என்று பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். விரிவுரையாளர் ஒருவர்தான், "ஒருநாள் வகுப்ப நிப்பாட்டுவம். மரத்துக்குக் கீழ இருந்து எல்லாரும் வெளிப்படையாப் பேசட்டும். ஊர்ச் சனமும் வரட்டும்" என்றார்.

தலைமை தாங்க முதலில் கை தூக்கியது நான். அதிகாரியோ மீனவரோ, ஆளுக்கு மூன்று நிமிடம் என்று சட்டமும் போட்டேன். மணி? என் சைக்கிள் மணியைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

முதலில் எழும்பிய அதிகாரி இருபது நிமிடம் பேசினார். என் விரல் மணியின் மேலேயே இருந்தது, அழுத்தத்தான் தைரியம் வரவில்லை. பின்னாலிருந்து பொடியன்கள், "தலைவி, மணி கறள் பிடிச்சிட்டுதா?" என்று கத்தினார்கள். பக்கத்தில் இருந்த காத்தான்குடிச் சினேகிதி பஸ்மினா, "அடுத்த ஆளுக்கெண்டாலும் அடி புள்ள, மானம் போகுது" என்று காதுக்குள் சொன்னாள்.

அடுத்த ஆள் எழும்பினார். அப்பா!

எங்கள் வீடு அள்ளுண்டு போனபின் இருந்த தற்காலிகக் கொட்டிலிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். வருவதாக எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. நிவாரணத்தில் கிடைத்த சட்டை தோளிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. நான் நடுநிலை காக்க வேண்டுமல்லவா? "ஐயா, உங்கட பேரையும் ஊரையும் சொல்லுங்க" என்றேன், மைக்கில்.

அப்பா சட்டையைத் தோளுக்கு இழுத்துவிட்டார். "கந்தப்பன். களுதாவளை. கரைவலைக்காரன்" என்றார். பிறகு வெட்கத்தோடு, "இந்தப் புள்ளட அப்பா."

சபை சிரித்து ஓய ஒரு நிமிடம் போனது. அதையும் அவருடைய மூன்று நிமிடத்திலேயே கழித்தேன் (அவ்வளவு நேர்மை).

மீன் வருவதைக் கரையில் நின்று பார்த்தால்தான் வலை வளைக்கலாம், எங்கேயோ உள்ளே குடிவைத்தால் கடலை யார் பார்ப்பது என்று கேட்டார். நன்றாகத்தான் போனது. திடீரென்று குரல் இறங்கியது.

"மீனுக்காக மட்டும் நான் அந்த வீட்டு வளவக் கேக்கல்ல. இவட அம்மாவும் நானும் அங்க வந்த முதல் நாள்..."

டிரிங்.

அம்மாவைக் கடல் கொண்டுபோயிருந்தது. அன்றிலிருந்து அப்பா அவவைப் பற்றி வாய் திறந்ததில்லை. ஒரு வருடமாக நான் காத்திருந்த பேச்சு அது. விரல் முந்திவிட்டது.

அப்பா அந்த இடத்திலேயே நிறுத்தினார். "மன்னிக்கோணும்" என்று சொல்லி உட்கார்ந்தார். 'பேசுங்க அப்பா' என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னது, "நன்றி ஐயா. அடுத்தவர்."

கூட்டம் முடிந்ததும் பஸ் தரிப்பிடத்துக்கு ஓடினேன். "அப்பா, அந்த முதல் நாள் என்ன நடந்த?"

"அதுக்கு மூணு நிமிசம் காணாது மனே" என்று சிரித்தார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

எங்களுக்கு உள்ளே வீடு கிடைத்தது. போர் திரும்ப வந்து, ஒருவழியாக முடிந்தும் போனது. நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். எப்போது கேட்டாலும் அதே பதில், அதே சிரிப்பு. மணி அடித்த கதையை மட்டும் அலுக்காமல் சொல்வார். என்னைப் பெண்பார்க்க வந்தவர்களிடம், "புள்ள கொஞ்சம் கண்டிப்பு, எனக்கே மணி அடிச்சவ" என்றுதான் ஆரம்பித்தார். அதனால்தான் என் கணவர் இன்றைக்கும், "எனக்கு எத்தின நிமிசம்?" என்று கேட்டுவிட்டுத்தான் வாய் திறப்பார்.

அப்பாவின் செத்த வீட்டிலும் அவருடைய தம்பி, என் சித்தப்பா, அதே கதையைச் சொன்னார். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவரைத் தனியே கூப்பிட்டு, "சித்தப்பா, அந்த முதல் நாள் என்ன நடந்த எண்டு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்பிடித் தெரியும் மனே?" என்றார். "அண்டைக்கு அங்க அவங்க ரெண்டு பேரும் மட்டும்தானே இருந்த."