திராட்சை வெட்ட ஆள் வேண்டும்

2010 ஐப்பசியில் கம்பம் கருத்தக்கண்ணனின் பந்தலில் பன்னீர் திராட்சை பழுத்துத் தொங்கியது. வெட்டத்தான் ஆள் இல்லை. ஏலக்காய் விலை ஏறியதிலிருந்து, வழக்கமாக வெட்டும் பெண்கள் அத்தனை பேரும் விடிந்ததும் ஜீப் ஏறிக் கேரளத் தோட்டங்களுக்குப் போனார்கள். ஒரு மழை விழுந்தால் பழம் வெடித்து, பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும்.

முதலில் ஜீப் ஸ்டாண்டுக்கே போய், வடை வாங்கிக் கொடுத்துக் கெஞ்சிப் பார்த்தார். வடையை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு எல்லாரும் ஜீப்பில் ஏறினார்கள்.

அடுத்து, ஏஜென்ட் மூலம் நாலு ஒடிசாக்காரர்களை வரவழைத்தார். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை போனவர்கள். மூத்தவன் பித்யாதருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும், திராட்சைதான் தெரியாது. குலையைக் கை நிறையப் பிடித்து, பழத்தின் மேல் தானாகப் படிந்திருக்கும் சாம்பல் பூச்சைத் துடைத்தே விட்டான். சாம்பல் போன பழத்தை வியாபாரி தொடமாட்டார். கருத்தக்கண்ணனின் மனைவி சந்தனம்மாள் இரண்டு நாள் கூடவே நின்று, காம்பைப் பிடித்து வெட்டப் பழக்கினாள்.

பழகியதும் அவருக்குப் புதுப் பயம் வந்தது. இவர்களும் ஜீப் ஏறிவிட்டால்? ஜீப் ஹார்ன் அவர்கள் காதில் விழாதிருக்க, விடியுமுன்பே டிவியில் பக்திப் பாட்டைத் தெரு முழுக்கக் கேட்க வைத்தார்.

மூன்றாம் நாள் வானம் கறுத்திருந்தது. அவர்கள் படுக்கும் பின்னறையில் நாலு பாயும் காலி. பதறி ஓடி, தெருமுனையில் நின்ற ஜீப்பில் தாவி ஏறினார்.

"எங்கலே எங்க ஆளுக?"

"முன்னாடி போன வண்டில போயிருப்பாக. உக்காருங்கண்ணே" என்று டிரைவர் ஏசுதாசன் வண்டியை எடுத்துவிட்டான்.

கேரளத்து ஏலத் தோட்டத்தில் ஒடிசாக்காரர் ஒருவரும் இல்லை. ஜீப் திரும்புவதோ சாயங்காலம்தான். சும்மா நின்றவர் கையில் கங்காணி ஒரு கூடையைக் கொடுத்தார்.

அவர் பந்தலில் பத்து வருஷம் பழம் வெட்டிய கஸ்தூரியம்மாள்தான் பக்கத்துச் செடியில் இருந்தாள். "பிஞ்சப் பறிக்காதீக. வெளஞ்சதாப் பாத்து எடுங்க" என்று அதட்டினாள்.

மத்தியானம் மழை கொட்டியது. பந்தலை நினைத்து அவர் வாய்விட்டே அழுதார். கஸ்தூரியம்மாள் தன் சோற்றில் பாதியைக் கொடுத்தாள்.

சாயங்காலம் நனைந்த கோழியாக வீடு வந்தால், கூடம் முழுக்கத் திராட்சைப் பெட்டிகள்.

"மேகம் கட்டியிருந்துச்சுன்னு விடியுமுன்னயே இவுகளக் கூட்டிட்டுப் போயி வெட்டிட்டேன்" என்றாள் சந்தனம்மாள். "ஒங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் போனேன். டிவி சத்தத்துல கேக்கல போல."

கருத்தக்கண்ணன் சந்தோஷத்தில் பெட்டிகளை எண்ணிக்கொண்டே, கேரளாவில் ஏலக்காய் பறித்த கதையைச் சொன்னார். கடைசிப் பெட்டியை இறக்கி வைத்த பித்யாதர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சந்தனம்மாளிடம் ஆறுதலாகச் சொன்னான்:

"இந்த ஊர் ஆளுங்களே இப்படித்தான் அக்கா, வேலை இருக்கிற அன்னைக்குப் பாத்து கேரளாவுக்கு ஓடிடறாங்க. இவருக்குப் பதிலா எங்க ஊர்ல இருந்து ஒருத்தனை வரச் சொல்லட்டுமா?"